ஆரஞ்சுப் பட்டையில் குழந்தைகள் இருந்தால் அங்கன்வாடி விருது கிடைக்காதா?

கேள்வி – 28 ஆகஸ்ட் 2024

என் மனைவி கிராமத்து அங்கன்வாடியில் பணியாளர். சிறந்த பணியாளர் விருதுக்கு வட்டாரத்திலிருந்து பெயர் கேட்டிருக்கிறார்கள். அவள் மையத்தில் மூன்று குழந்தைகள் கடும் எடைக் குறைவு. வளர்ச்சி அட்டையில் ஆரஞ்சுப் பட்டையில் இருக்கிறார்கள். "அவர்களை மஞ்சளுக்கு ஏற்றி எழுதிவிட்டு அனுப்பு, இல்லாவிட்டால் உன் கோப்பு மேலே போகாது" என்று பக்கத்து மையத்தில் சொன்னார்களாம். இப்படிப்பட்ட விருதால் யாருக்கு என்ன பயன்? விண்ணப்பிக்கலாமா, விட்டுவிடலாமா?

28 ஆகஸ்ட், இரவு

விண்ணப்பிக்கச் சொல்லுங்கள் தம்பி. மூன்று குழந்தைகளையும் ஆரஞ்சிலேயே வைத்து அனுப்பச் சொல்லுங்கள். நூறு கிராம்கூட ஏற்ற வேண்டாம்.

நான் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவள். விருதுக்குப் பெயர் எடுக்கும் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். மற்றதை நாளை எழுதுகிறேன்.

29 ஆகஸ்ட்

அந்தப் பக்கத்து மையத்து யோசனை எவ்வளவு ஆபத்தானது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது ஏதோ கணக்கு எழுதும் தந்திரம் போலத் தெரியும். அப்படியல்ல.

2 வயது முடிந்த பெண் குழந்தை 9 கிலோவுக்குக் குறைந்தால் மஞ்சள். 8.1 கிலோவுக்குக் குறைந்தால் ஆரஞ்சு. உலக சுகாதார நிறுவனம் 2006ல் வெளியிட்ட அளவுகோல் அது. நம் அட்டைகள் எல்லாம் அதன்படிதான், பெண்ணுக்கு இளஞ்சிவப்பு அட்டை, ஆணுக்கு நீல அட்டை. குழந்தை ஆரஞ்சுக்கு வந்தால்தான் அடுத்த வேலைகள் தொடங்கும். எடையை உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், புயத்தில் நாடா வைக்க வேண்டும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும். புய நாடாவில் 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 2022ல் நீலகிரியில் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தில் கடும் குறைபாடுள்ள குழந்தைக்கு மருத்துவப் பரிசோதனையும் சிறப்பு உணவும் உண்டு. மஞ்சள் என்று எழுதிவிட்டால் அந்தப் பட்டியலில் குழந்தையின் பெயரே ஏறாது. பேனாவில் ஏற்றிய எடைக்குப் பிள்ளையின் வயிறுதான் விலை கொடுக்கிறது.

உங்கள் மனைவி மூன்று பேரைக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார். அவர் வேலையே அதுதான். விருது என்று ஒன்று இருந்தால் அதற்குத்தான் கொடுக்க வேண்டும்.

29 ஆகஸ்ட், மாலை

பேனாவில் ஏற்றுகிறார்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று மேலே ஒருவர் கேட்டிருக்கிறார். கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன். ஊர் பேர் சொல்ல மாட்டேன்.

விருதுக்குப் பரிந்துரையான ஒரு மையத்துக்குப் பார்வைக்குப் போனேன். சுவர் முழுக்கப் புது வண்ணம், யானை, மயில், ரயில் வண்டி. பிள்ளைகள் வரிசையாக எழுந்து வணக்கம் சொன்னார்கள். பதிவேடுகளுக்கு ஒரே மாதிரி பழுப்பு அட்டை. அந்த மாத எடைப் பட்டியலில் ஒரு பிள்ளைகூட ஆரஞ்சில் இல்லை. மஞ்சளே இரண்டோ மூன்றோதான். அந்த ஊரை எனக்குத் தெரியும். வெளியூர்ச் சூளைக்குப் போய் ஆறு மாதம் கழித்துத் திரும்புகிற குடும்பங்கள் அங்கே பாதி. ஒரு பிள்ளைகூட ஆரஞ்சில் இல்லாமல் இருக்க வழியே இல்லை.

"தராசை எடுங்கள்" என்றேன். சால்டர் தராசு, கொக்கியில் மாட்டும் பழைய வகை. உத்தரத்தில் கட்டினோம். துணித் தொட்டியை மட்டும் மாட்டிப் பார்த்தால் முள் பூஜ்யத்தில் நிற்கவில்லை, முன்னால் தள்ளி நின்றது. திருகைத் திருப்பிச் சரிசெய்தேன். ஒரு பெண் குழந்தை, 2 வயது முடிந்து சில நாள். பதிவேட்டில் 9.2. அதாவது பச்சையின் அடிவிளிம்பில், மஞ்சளுக்கு ஒரு மயிரிழை மேலே. குழந்தையை வைத்ததும் முள் ஆடியது. அவள் அழவில்லை, ஊஞ்சல் என்று நினைத்துக் காலை ஆட்டினாள். காலைப் பிடித்து நிறுத்தினோம். முள் 8ஐத் தொடாமல் ஒரு கோடு கீழே நின்றது. 7.9.

இறக்கிவிட்டதும், "இன்னொரு தடவை ஆட்டு" என்றாள். நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். இன்னொரு தடவையும் வைத்தோம். 7.9.

அந்தப் பணியாளரை நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகள் அவர் மடியில்தான் போய் உட்கார்ந்தார்கள். பாட்டு அருமையாகச் சொல்லிக் கொடுப்பார். படிவத்தில் 'எடைக் குறைவுக் குழந்தைகள் எத்தனை' என்ற கட்டம் இருந்தது, அதில் சின்ன எண் இருந்தால் நல்லது என்று எல்லோரும் அவருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். பிழையை அந்தக் கட்டத்தில்தான் தேட வேண்டும்.

30 ஆகஸ்ட்

அந்தக் குழந்தை என்ன ஆனாள் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். சுகாதார நிலையத்துக்கு அனுப்பினோம். சளி, வயிற்றில் பூச்சி, வீட்டில் ஒரு வேளைச் சோறு. தேறினாள். சட்டென்று அல்ல, இழுத்து இழுத்துத் தேறினாள். அந்த மையத்தின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். அதற்கு எனக்கு வந்த பேச்சு தனிக் கதை.

31 ஆகஸ்ட்

தருமபுரித் தங்கை கேட்டதற்கு: தொகை எவ்வளவு என்றால், நடுவண் அரசு அங்கன்வாடிப் பணியாளருக்கென்று 2000–01ல் விருது ஏற்படுத்தியபோது தேசிய அளவில் 25,000 ரூபாயும் சான்றிதழும். பிறகு அதை 50,000 ஆக்கினார்கள். நாடு முழுக்கச் சுமார் 14 லட்சம் மையங்கள். நம் மாநிலத்தில் மட்டும் 54,439. தேசிய விருது வாங்குகிறவர்கள் ஓர் ஆண்டுக்கு நூறு பேர் அளவில்தான். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

மாதத் தொகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவண் அரசு நிர்ணயிக்கும் மதிப்பூதியம் 2018 அக்டோபரில்தான் 3,000லிருந்து 4,500 ஆனது. உதவியாளருக்கு 1,500லிருந்து 2,250. மாநிலம் மேலே சேர்த்துக் கொடுக்கிறது. நம் மாநிலம் மற்ற பல மாநிலங்களைவிட மேல் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் ஒரு நாள் மேடையில் பொன்னாடை போர்த்தி மற்ற நாள்களில் இந்தத் தொகையில் நிறுத்தினால், அந்தப் பொன்னாடை எதை மூடுகிறது என்ற கேள்வி வரத்தான் செய்யும்.

31 ஆகஸ்ட், பின்னர்

"எம்.ஜி.ஆர். சத்துணவோடு வந்ததுதானே அங்கன்வாடி" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. அங்கன்வாடிகளைக் கொண்டுவந்த ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2ல் நாடு முழுக்க 33 இடங்களில் தொடங்கியது. நம் பக்கம் சென்னை, நிலக்கோட்டை, தளி. சத்துணவு 1982 ஜூலை 1, திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சி. இடையில் 1980ல் உலக வங்கி உதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டத்தில் தொடங்கியது.

இந்த மூன்றாவதைப் பலர் மறந்துவிட்டார்கள். எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த மூத்த அக்காமார்கள் அதில் பழகியவர்கள். மாதாமாதம் எடை போட வேண்டும். ஏறாத குழந்தைக்கு 90 நாள் கூடுதல் உணவு. தேறினால் நிறுத்திவிட வேண்டும், தேறாவிட்டால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். எடை ஏறாத பிள்ளையைத் தேடிப் பிடிப்பதுதான் அங்கே வேலை. அப்படிப்பட்ட பிள்ளை யாருமே இல்லை என்று எழுதினால், "ஊரைச் சுற்றினாயா, இல்லையா?" என்று கேட்பார்களாம். அந்தக் கேள்வியை விருதுக் குழுவில் ஒருவராவது கேட்க வேண்டும்.

2 செப்டம்பர்

ஊட்டச்சத்து மாதம் தொடங்கிவிட்டது. இந்த மாதம் முழுக்கக் கோலம், பேரணி, சிறுதானியக் கண்காட்சி. அவை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கேழ்வரகுப் புட்டு செய்து காட்டினால் நாலு தாய்மார் வீட்டில் செய்து பார்ப்பார்கள். ஆனால் விருதுக் கோப்புகள் தடிப்பது இந்த மாதத்தில்தான். பேரணிப் படம், பதாகைப் படம், அதிகாரியோடு நிற்கும் படம். வீட்டு வாசலில் உட்கார்ந்து, "ஏம்மா, நேற்றுப் பிள்ளைக்கு என்ன கொடுத்தாய்?" என்று கேட்கும் வேலையை யாரும் படம் எடுப்பதில்லை. எடுக்கவும் கூடாது.

3 செப்டம்பர்

ஆயாக்களைப் பற்றி இத்தனை பேரில் ஒருவரும் எழுதவில்லை. எனக்கு அது வருத்தமாக இருக்கிறது.

படிவத்தில் உதவியாளர் என்று போடுவோம். பிள்ளைகளுக்கு ஆயா. காலையில் கதவு திறப்பதும் அடுப்பு மூட்டுவதும் அவர்தான். வராத பிள்ளையை வீட்டுக்குப் போய் இடுப்பில் தூக்கி வருவார். பெரும்பாலும் அதே தெருக்காரர். எந்த வீட்டில் அப்பா குடித்துவிட்டு வந்தார், எந்த வீட்டில் அம்மா கோபித்துக்கொண்டு தாய்வீடு போனாள், எந்தப் பிள்ளை நேற்று இரவு பட்டினியாகப் படுத்தது, எல்லாம் காலை ஒன்பது மணிக்குள் அவருக்குத் தெரிந்துவிடும்.

நான் ஒரு மையத்தில் பார்த்தது. முட்டை நாள். வாரம் 3 முட்டை உண்டு அல்லவா, அதில் ஒரு நாள். ஆயா முட்டையை உரித்து ஒவ்வொரு தட்டிலும் முழுதாக வைத்தார். ஒரே ஒரு பையனுக்கு மட்டும் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கிச் சோற்றில் பிசைந்து தன் கையால் ஊட்டினார். ஏன் என்று கேட்டேன். "முழுசாகக் கொடுத்தால் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வான் அம்மா, தங்கச்சிக்கு எடுத்துப் போக" என்றார். தங்கைக்கு ஒரு வயது நிரம்பவில்லை. அந்த வீட்டுக்குச் சத்துமாவுப் பொட்டலம் போகிறதா என்று பார்த்தோம். தாய் ஊரில் இல்லாததால் இரண்டு வாரமாக யாரும் வாங்கவில்லை. அன்று மாலையே பாட்டியிடம் கொடுத்தோம்.

பிள்ளை சாப்பிடும் விதத்தைப் பார்த்து வீட்டில் இருக்கும் இன்னொரு பிள்ளையின் பசியைக் கண்டுபிடித்தவர் எட்டாம் வகுப்புவரை படித்த பெண். அவர் பெயர் எந்தக் கோப்பில் வந்தது? அந்த ஆண்டு அந்த மையத்தைப் பாராட்டி மாவட்டத்தில் சான்றிதழ் கொடுத்தார்கள். மேடைக்கு டீச்சர் மட்டும் போனார். டீச்சர் நல்லவர். சான்றிதழைக் கொண்டுவந்து ஆயா கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். அப்படிச் செய்யும் மனது எல்லோருக்கும் இருக்கும் என்று நம்பி விருதை அமைக்க முடியாது.

3 செப்டம்பர், இரவு

2019 ஆகஸ்டில் நடுவண் அரசு கொடுத்த போஷண் (ஊட்டச்சத்து) விருதுகளில் மாவட்டம், வட்டாரம், களப்பணியாளர் என்று பல அடுக்குகள் வைத்தார்கள். அங்கன்வாடிப் பணியாளர், ஆஷா எனப்படும் ஊர் சுகாதாரப் பணியாளர், செவிலியர் சேர்ந்து வேலை செய்வதையும் கணக்கில் எடுத்தார்கள். அந்த எண்ணம் சரியானது. குழந்தையின் எடை ஒருவரால் ஏறுவதில்லை.

5 செப்டம்பர்

இன்று ஆசிரியர் தினம். நல்லாசிரியர் விருதோடு ஒப்பிட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். மாநிலத்தின் டாக்டர் ராதாகிருஷ்ணன் விருதுக்கு 10,000 ரூபாய், வெள்ளிப் பதக்கம், சான்றிதழ். தேசிய நல்லாசிரியர் விருதுக்கு 2018 முதல் ஆசிரியரே இணையத்தில் தன் பெயரைப் பதியலாம். எண்ணிக்கையையும் அந்த ஆண்டிலிருந்து வெகுவாகக் குறைத்தார்கள்.

தானே விண்ணப்பிப்பது நல்லதா கெட்டதா என்ற சண்டையில் நான் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறேன். மேலதிகாரி பரிந்துரைத்தால்தான் உண்டு என்றால், அதிகாரிக்கு வேண்டியவர் பெயர் போகும். தானே போடலாம் என்றால், எழுதத் தெரிந்தவர் பெயர் போகும். என் பகுதியில் மிகச் சிறந்த இரண்டு பணியாளர்களிடம் நாலு வரி எழுதி வாங்குவது எடை நாளில் ஒரு மையத்துப் பிள்ளைகளை அடக்குவதைவிடப் பெரிய பாடு. "நான் என்ன பெரிதாகச் செய்தேன், எழுத?" என்பார்கள்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. தாய்மார்களிடம் கேட்பது. மையத்துக்குப் பிள்ளை அனுப்பி, அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்குப் போய்விட்ட குடும்பங்களைக் கேட்க வேண்டும். அவர்களுக்கு டீச்சரிடம் இனி ஆக வேண்டியது எதுவும் இல்லை. உண்மை வரும்.

6 செப்டம்பர்

மேலே எழுதியதை இரவு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். தாய்மார்களைக் கேட்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஊருக்குள் சாதி இருக்கிறது. காலனிப் பெண் பணியாளராக வந்த மையத்துக்கு மற்றத் தெருக்காரர்கள் பிள்ளை அனுப்பாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். சமைக்கும் கையைப் பார்த்துச் சோற்றை மறுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அங்கே போய் ஊராரைக் கேட்டால் என்ன பதில் வரும்? அந்தப் பெண் ஆள் வராத மையத்தை வீடு வீடாக நடந்து நிரப்பினார். முதலில் அவர்களின் ஆடு மேய்க்கும் பாட்டிகளிடம் பேசினார், பிறகு மருமகள்களிடம். கடைசியில் சோறும் இறங்கியது. படிவத்தில் இதற்குக் கட்டமே கிடையாது. 'பதிவு செய்த குழந்தைகள், வருகை' என்ற இரண்டு எண்களுக்குள் அத்தனையும் அடங்கிவிடும்.

ஆகவே யாரைக் கேட்பது என்பதையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எல்லாத் தெருவிலும் கேட்க வேண்டும்.

9 செப்டம்பர்

குழந்தைத் திருமணத்தைத் தடுத்தவர்களுக்கான விருது பற்றிக் கேட்டவருக்கு. தேசியப் பெண் குழந்தைகள் தினமான ஜனவரி 24ல் மாநில அரசு 18 வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தைக்கு ஒரு விருது தருகிறது. 1 லட்சம் ரூபாய், பாராட்டுப் பத்திரம். குழந்தைத் திருமணத்தைத் தடுப்பது, குழந்தைத் தொழிலாளர் முறையை எதிர்ப்பது போன்ற துணிச்சலான செயல்களுக்கு. வீரமாக முன்வந்து நிற்கும் பெண்ணுக்கு மேடை வேண்டும். அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை.

பெரியவர்கள் தங்கள் விருதுக்காக ஒரு பெண்ணின் கதையை எடுத்துப் போடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, திருமண வயதுக்கு முன்பே கல்யாணம் செய்துவைக்கப்படும் ஆபத்தில் இருப்பவள் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை. விசாரணையில் இருக்கும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது என்று அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது. ஒரு தொண்டு நிறுவனத்தின் விருது விண்ணப்பத்தை ஒரு கூட்டத்தில் எங்களுக்குத் திரையில் காட்டினார்கள். மீட்கப்பட்ட பெண்ணின் கண்ணை மட்டும் கறுப்புப் பட்டையால் மறைத்திருந்தார்கள். பின்னால் வீட்டு வாசல், வேப்ப மரம், பள்ளிச் சீருடை, எல்லாம் தெரிந்தன. அந்த ஊர்க்காரன் ஒருவன் போதும், ஒரு நொடியில் பெயர் சொல்லிவிடுவான். நான் எழுந்து நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார்கள். விருது கிடைத்ததா என்று விசாரிக்கவில்லை.

குழந்தைப் பாதுகாப்பில் வேலை எவ்வளவு நன்றாக நடந்ததோ அவ்வளவுக்கு வெளியே காட்ட ஒன்றும் இருக்காது. நடக்காத கல்யாணத்துக்குப் படம் ஏது? குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு நடு இரவில் வரும் அழைப்பை எடுத்து, அழும் பிள்ளையை விடியும்வரை பேச்சில் பிடித்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். 1996ல் மும்பையில் தொடங்கிய அந்த எண் இன்று நாடு முழுக்கப் பழக்கம். அவர்கள் எந்தக் கதையைக் கோப்பில் வைப்பார்கள்? வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. இந்தத் துறைக்கு விருது கொடுக்கிறவர்கள் முதலில் இதை ஒப்புக்கொண்டுதான் விதி எழுத வேண்டும். குழந்தையின் படம் வைத்த விண்ணப்பம் எதுவாக இருந்தாலும் திருப்பி அனுப்பு என்று ஒரே வரி போட்டால் பாதி வேலை முடிந்தது.

10 செப்டம்பர்

"அப்படியென்றால் விருதே வேண்டாம், ஒழித்துவிடலாம்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை. விருது வாங்கிய ஒரு பெண்ணின் வீட்டுக்கு மறுநாள் போயிருக்கிறேன். "ஊரார் பிள்ளைக்கு மூக்குத் துடைக்கப் போகிறாள்" என்று பேசிக்கொண்டிருந்த மாமியார், சான்றிதழைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தார். அந்த வாரம் மாமியாரே அடுப்படியைப் பார்த்துக்கொண்டு மருமகளை நேரத்தோடு அனுப்பிவைத்தார். ஊராட்சித் தலைவர் அவருக்கு நாற்காலி போட்டுப் பேசினார். அதுவரை குடிநீர்க் குழாய்க்காக நடையாய் நடந்தவருக்கு அந்த மாதமே குழாய் வந்தது. விருதின் பயன் இதுதான். பணியாளர் சொல்வதை ஊர் காது கொடுத்துக் கேட்கும். அது குழந்தைகளுக்கு நல்லது.

அதனால்தான் பொய்ப் பதிவேட்டுக்கு விருது போகும்போது எனக்கு இவ்வளவு கோபம் வருகிறது. அதே ஊர் அதே பொய்யையும் காது கொடுத்துக் கேட்கும்.

14 செப்டம்பர்

ஆஷாக்களுக்கு உலக சுகாதார நிறுவனம் விருது கொடுத்ததை நினைவூட்டியவருக்கு நன்றி. 2022 மே மாதம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சேர்த்து ஒரே விருது. நம் மாநிலத்தில் ஆஷாக்கள் மலைப் பகுதிகளில்தான் அதிகம். சமவெளியில் கிராம சுகாதாரச் செவிலியர் அந்த வேலையைப் பார்க்கிறார். விருது வந்த அதே காலத்தில் பல மாநிலங்களில் ஆஷாக்கள் ஊதியத்துக்காகத் தெருவில் நின்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் பெண்களுக்கு அதே ஆண்டில் கிடைத்த பெரிய மரியாதை எந்த மேடையிலும் நடக்கவில்லை. 2022 ஏப்ரல் 25ல் உச்ச நீதிமன்றம், அங்கன்வாடிப் பணியாளருக்கும் உதவியாளருக்கும் 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. குஜராத் வழக்கு. உதவியாளருக்கும் என்ற இடத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

21 செப்டம்பர்

படிவத்தை நானே எழுதினால் எப்படி எழுதுவேன் என்று ஒரு தங்கை கேட்டார்.

எடைக் குறைவுக் குழந்தைகள் எத்தனை என்ற கட்டத்தை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மதிப்பெண் கூடாது. மதிப்பெண் வேறொன்றுக்கு. சொல்லாமல் போய்ப் பத்துப் பிள்ளைகளை வேறு தராசில் எடை போட வேண்டும். பதிவேட்டோடு ஒத்துப்போனால் மதிப்பெண். ஆரஞ்சில் இருந்த பிள்ளைக்கு அடுத்தடுத்த மாதங்களில் என்ன செய்தார் என்பதைத் தாய் சொல்ல வேண்டும், பணியாளர் சொல்லக் கூடாது. ஆயாவின் பெயர் பணியாளர் பெயருக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் வர வேண்டும், தொகையும் சரிபாதி. படம் வேண்டாம்.

பேசிப்பேசி ஓரிடத்தில் இதைச் செய்தும் பார்த்தோம். எங்கள் வட்டாரத்தில் ஒரு கூட்டத்தில் திட்ட அலுவலர் அம்மா ஒப்புக்கொண்டார். வேறு தராசோடு போனோம். பட்டியலில் முதலில் இருந்த மையம் கீழே போனது. மேலே வந்தது, மழைக்கு ஒழுகும் வாடகைக் கட்டடத்தில் இருந்த ஒரு குறு மையம். சுவரில் யானையும் இல்லை மயிலும் இல்லை. எடை அத்தனையும் கோட்டுக்குக் கோடு சரி. எடையைப் பதியும் போஷண் டிராக்கர் செயலி வந்த 2021க்குப் பிறகு எண்களைத் தேதியோடு பார்க்க முடிகிறது. ஆனால் செயலிக்குள் போகும் எண்ணையும் ஒரு கைதான் அழுத்துகிறது. தராசோடு நேரில் போவதற்கு ஈடு இல்லை.

29 செப்டம்பர்

கேள்வி கேட்ட தம்பிக்கு. கோப்பை அனுப்பியாயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள், மூன்று பிள்ளைகளும் ஆரஞ்சிலேயே இருக்கிறார்கள், அதில் ஒருவன் இந்த மாதம் 300 கிராம் ஏறியிருக்கிறான். அந்த 300 கிராமைப் படித்துவிட்டு எழுந்து போய் வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். அவனுக்குப் பூச்சி மாத்திரை கொடுத்தார்களா என்று மனைவியிடம் கேளுங்கள். மற்ற இருவரில் பெரியவளுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு என்றால், உப்புச் சர்க்கரைக் கரைசலோடு நிறுத்தாமல் வீட்டுக் குடிநீரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

12 அக்டோபர்

கடைசியாக வந்த கேள்வி. ஓய்வு பெற்ற ஆயாவுக்கு ஏதாவது விருது வாங்கித் தர வழி உண்டா?

அரசு விருதில் அப்படி ஒரு வழியை நான் பார்த்ததில்லை. ஆனால் நவம்பர் 1 உள்ளாட்சி தினம், கிராமசபை கூடும். ஊருக்கு உழைத்தவர்களைப் பாராட்டித் தீர்மானம் போட அங்கே இடம் உண்டு. இப்போதே ஊராட்சிச் செயலரிடம் பேசி, பொருள் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். தீர்மானத்தில் 'அங்கன்வாடி ஆயா' என்று மட்டும் எழுதவிடாதீர்கள். முழுப் பெயர், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை வேலை பார்த்தார் என்பது எல்லாம் வர வேண்டும். அவர் தூக்கி வளர்த்த பிள்ளைகளில் இப்போது ஊரில் இருப்பவர்களை முன்வரிசைக்கு வரச் சொல்லுங்கள். தீர்மான நகல் ஒன்றில் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி ஆயா கையில் கொடுத்துவிடுங்கள். பணிக்கொடை இன்னும் வரவில்லை என்றால் அதற்கான மனுவையும் அன்றே எழுதிக் கொடுங்கள். மாதிரி மனு வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.